கால் போன போக்கில் நடப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு

வாக்கிங் தொடங்கிய பலர் மூன்றாவது வாரத்தில் காணாமல் போய்விடுகிறார்கள். கேட்டால் "சோம்பல்" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சோம்பேறி முதல் நாளே கிளம்பியிருக்க மாட்டார். உண்மையில் நடப்பது வேறு: ஷூ கடிக்கிறது, முன்னங்காலில் வலி பிடிக்கிறது, தினமும் அதே சலிப்பான ரோடு, போதாக்குறைக்கு இன்னும் மூவாயிரம் ஸ்டெப் பாக்கி என்று கையில் கட்டிய வாட்ச் மிரட்டுகிறது. நடை கசந்துபோகிறது. கசந்ததை எத்தனை நாள் செய்ய முடியும்?

நடப்பது இயல்பிலேயே இதமான வேலை. அந்த இதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு, அதைக் கெடுப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால், மனவுறுதிக்குப் பெரிய வேலை இருக்காது.

உடலிலிருந்தே ஆரம்பிக்கலாம். நடக்கும்போது, ஊன்றிய காலின் மேல் உடல் ஏறி, உச்சிக்கு வந்து, முன்பக்கம் சரிகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல் மாதிரிதான். ஏறும்போது சேர்ந்த ஆற்றலில் ஒரு பங்கு சரியும்போது திரும்பக் கிடைக்கிறது. பொருத்தமான வேகத்தில் இப்படித் திரும்புவது 65 சதவீதம் வரை போகும். மீதியைத்தான் தசைகள் புதிதாகத் தர வேண்டும். அந்தப் பொருத்தமான வேகம் பெரும்பாலான பெரியவர்களுக்கு விநாடிக்கு 1.3 மீட்டரை ஒட்டியிருக்கிறது, அதாவது மணிக்கு ஏறத்தாழ 4.7 கிலோமீட்டர். யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. அவசரமில்லாத சமதளப் பாதையில் விட்டால் ஆட்கள் தாமாகவே இந்த வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்.

இதைவிட மிக மெதுவாக, நின்று நின்று போனால் ஊசல் ஒத்துழைக்காது. ஒவ்வொரு அடிக்கும் தசையே முழு வேலையும் பார்க்க வேண்டும், இடையில் நிற்கும்போது இடுப்பும் முதுகும் அசையாமல் எடையைத் தாங்க வேண்டும். இரண்டு மணி நேரம் கடை கடையாகச் சுற்றினால் இடுப்பு ஒடிவதற்கும், அதே இரண்டு மணி நேரம் சீராக நடந்தவர் தெம்பாகத் திரும்புவதற்கும் இது ஒரு காரணம். மறுபக்கம், மணிக்கு 7 கிலோமீட்டரை நெருங்கும்போது நடையே சிரமமாகி, ஓடிவிடலாம் என்று கால்கள் கெஞ்சும். அந்த வேகத்தில் உண்மையிலேயே ஓடுவதுதான் சுலபம்.

கைவீச்சையும் இதோடு சேர்க்க வேண்டும். கைகளை உடலோடு ஒட்டி அசையாமல் வைத்துக்கொண்டு நடந்தால், அதே வேகத்துக்கு உடல் சுமார் 12 சதவீதம் அதிக ஆற்றல் செலவழிக்கிறது என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. வீசும் கை, கால்கள் மாறி மாறி முன்னே போவதால் உடம்பில் உண்டாகும் முறுக்கலைச் சமன் செய்கிறது. ஒரு கையில் போனைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நடப்பவருக்கு இந்த உதவி பாதியாகிறது. போதாததற்கு நடையின் வேகமும் காலடியின் நீளமும் குறைகின்றன, தலை முன்னே தொங்குகிறது. போன் பாக்கெட்டில் இருக்கட்டும். காதில் பாட்டு ஓடலாம், ரோட்டோரம் என்றால் ஒரு காது திறந்திருக்க வேண்டும்.

மனம் லேசாவதற்கும் இந்தத் தானியங்கித் தாளம்தான் அடிப்படை. காலை மாற்றி மாற்றி வைக்கும் தாளத்தில் பெரும்பங்கை, தண்டுவடத்திலுள்ள நரம்பு வலைகள் கவனித்துக்கொள்கின்றன. கிளம்பு, நில், திரும்பு, பள்ளம் பார் என்ற அளவுக்கு மேற்பார்வை செய்தால் மூளைக்குப் போதும். உட்கார்ந்திருக்கும்போது ஒரே கவலையைப் பிடித்துத் தொங்கும் மனம், நடக்கும்போது பிடியைத் தளர்த்துகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மெரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. 176 பேர், நான்கு சோதனைகள். ஒரு சாதாரணப் பொருளுக்கு வழக்கமில்லாத பயன்களைச் சொல்லும்படி கேட்டபோது, நடந்தவர்களின் படைப்புத்திறன் உட்கார்ந்திருந்தவர்களைவிடச் சராசரியாக 60 சதவீதம் கூடியது. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் சிறிது நேரம் அது நீடித்தது. ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களுக்கு மட்டும் நடை உதவவில்லை, சற்றுக் கெடுக்கவும் செய்தது. ஆகவே வரவு செலவுக் கணக்கை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாத கடிதம், பிடிபடாத ஒரு திட்டம், இந்த மாதிரி நுனி தெரியாத விஷயங்களைத்தான் நடைக்கு எடுத்துப்போக வேண்டும். கணிதமேதை ஹாமில்டன் பல ஆண்டுகளாகத் தேடிய, குவாட்டர்னியன் என்ற புதுவகை எண்களுக்கான சூத்திரம், 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க்கரையில் மனைவியோடு நடந்துகொண்டிருந்தபோது பிடிபட்டது. மறந்துவிடக்கூடாது என்று அங்கிருந்த பாலத்துக் கல்லிலேயே கீறிவைத்தார். அவ்வளவு சிரமம் வேண்டாம், போனில் பத்து விநாடிக் குரல்பதிவு போதும். ஆனால் குறித்துவைக்கத்தான் வேண்டும், வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் பாதி மறந்துவிடும்.

எங்கே நடக்கிறோம் என்பதும் சும்மா இல்லை. கிரெகரி பிராட்மன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் புல்வெளியும் மரங்களும் உள்ள பகுதியில் 90 நிமிடம் நடந்தார்கள். இன்னொரு பிரிவினர் அதே நேரம் நெரிசலான சாலையோரம் நடந்தார்கள். நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்து நொந்துகொள்ளும் போக்கு முதல் பிரிவினரிடம் குறைந்தது, இரண்டாவது பிரிவினரிடம் குறையவில்லை. எல்லாருக்கும் பக்கத்தில் காடு இருக்காது. நான்கு மரம் நிற்கும் உள்தெரு இருந்தால், தூரம் கொஞ்சம் கூடினாலும் அதையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

துணையோடு நடப்பதில் தனிச் சுகம். எதிரெதிரே உட்கார்ந்து சொல்லத் தயங்கும் விஷயங்கள், பக்கத்தில் நடந்துகொண்டே வெளிவந்துவிடும். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, இடையில் விழும் மௌனமும் உறுத்தாது. ஒரே ஒரு விதி: மெதுவாக நடப்பவர்தான் வேகத்தை முடிவு செய்ய வேண்டும். வேகமானவர் இழுத்துக்கொண்டு போனால் மற்றவர் நாலே நாளில் நின்றுவிடுவார். இருவர் வேகமும் ரொம்ப வேறுபட்டால் வட்டமான பாதையில் ஆளுக்கு ஒரு வேகத்தில் சுற்றிவிட்டுக் கடைசிப் பத்து நிமிடம் சேர்ந்து நடக்கலாம். உறவும் நடையும் இரண்டுமே பிழைக்கும்.

பத்தாயிரம் என்ற பூதம்

1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் காலடி எண்ணும் கருவியைப் பத்தாயிரம் என்ற எண்ணைப் பெயரிலேயே வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்று உலகமெங்கும் பரவிய இலக்கின் வேர் அந்த விற்பனைப் பெயரில்தான் இருக்கிறது, எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. ஆய்வுகள் பிறகு வந்தன. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 2019-இல் வெளியிட்டதில், சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களைக் கவனித்தார்கள். நாளுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-ஐ ஒட்டி அந்தக் கோடு சமதளமாகிவிட்டது. வயதான பெண்களைப் பற்றிய கணக்கு இது, எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. நடந்ததால்தான் குறைந்தது என்று இந்த மாதிரி ஆய்வு அறுதியிட்டும் சொல்லாது. ஆனாலும் 9,400-இல் நின்றுவிட்டதற்காக ராத்திரி ஹாலுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடத் தேவையில்லை என்பது தெளிவு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் காலடியை எண்ணுவதே இல்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது. ஒரே தடவையில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டது. ஏழு நிமிட நடையும் சேரும்.

மிதமான உழைப்பு என்றால் எவ்வளவு? நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி. கருவி எதுவும் வேண்டாம்: 15 விநாடிக்கு எண்ணிப் பாருங்கள், 25 வந்தால் சரி. 30 வந்தால் விறுவிறுப்பான நடை, 33-ஐ நெருங்கினால் கடும் உழைப்பு. எண்ணவும் சோம்பலாக இருந்தால் வாயைக் கேளுங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். பாடவும் முடிகிறதென்றால் அது காலாற உலாவுவது, அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அந்த 150 நிமிடத்தில் சேராது. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

தூரம் தெரிய வேண்டுமென்றால் உயரத்தை 0.41-ஆல் பெருக்கினால் காலடி நீளம் தோராயமாகக் கிடைக்கும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 68 செ.மீ.; ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,480 காலடி. வாட்ச் காட்டும் எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம். தள்ளுவண்டியையோ குழந்தை வண்டியையோ பிடித்துத் தள்ளும்போது கை அசையாததால் மணிக்கட்டு வாட்ச் பாதியைக் கோட்டைவிடும். மிக மெதுவாக நடக்கும் முதியவர்களின் காலடிகளும் அதில் சரியாக விழுவதில்லை. நேற்றோடு இன்றை ஒப்பிட மட்டும் அது உதவும்.

சலிப்பு தட்டியவர்களுக்கும் நேரமில்லாதவர்களுக்கும் இடைவிட்ட நடை நல்ல வழி. மூன்று நிமிடம் சாவகாசமாக, மூன்று நிமிடம் வேகமாக. இப்படி ஐந்து சுற்று, மொத்தம் அரை மணி நேரம், வாரத்தில் நான்கு நாள். ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோஸே குழுவினர் நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் ஐந்து மாதம் இப்படி நடக்கவைத்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே சீரான வேகத்தில் நடந்தவர்களைவிட இவர்களுக்குத் தொடை வலிமையும் மூச்சுத்திறனும் கூடுதலாக முன்னேறின, ரத்த அழுத்தமும் அதிகம் இறங்கியது. வேகமான மூன்று நிமிடம் உண்மையிலேயே வேகமாக இருக்க வேண்டும், அங்கேதான் பலர் ஏமாற்றிக்கொள்கிறார்கள். முதல் வாரம் இரண்டு சுற்றே போதும்.

வேகத்துக்குப் பதில் ஏற்றத்தையும் பயன்படுத்தலாம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் பாதையில் அதே வேகத்தில் நடந்தால் உடலின் ஆக்சிஜன் தேவை சுமார் 60 சதவீதம் கூடும். 10 மீட்டர் உயர்ந்தால் இரண்டு மடங்கைத் தாண்டும். டிரெட்மில்லில் சாய்வை ஏற்றிவைத்துவிட்டுக் கைப்பிடியைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. எடையில் ஒரு பங்கைக் கைப்பிடி வாங்கிக்கொள்கிறது, திரையில் தெரியும் கலோரி வெறும் ஆறுதல். இறக்கத்தில் மூச்சு வாங்காது, ஆனால் தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ படி இறங்கும்போது தெரியும்.

அகலக்கால் வைக்காமல்

வேகமாக நடக்கச் சொன்னால் எல்லாரும் முதலில் செய்வது காலை எட்டி முன்னே வைப்பது. அங்கேதான் முன்னங்கால் வலி தொடங்குகிறது. உடலுக்கு வெகு முன்னால் ஊன்றிய குதிகால் ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகிறது. குதிகால் பட்டதும் பாதம் தரையில் சட்டென்று அறையாமல் மெல்ல இறக்கிவிடும் வேலை, முழங்காலுக்குக் கீழே முன்புறம் இருக்கும் தசையுடையது. காலை எட்டி வைத்தால் அதற்கு வேலை கூடுகிறது. பழக்கமில்லாதவருக்குப் பத்தே நிமிடத்தில் அந்தத் தசை கல்லாகி எரியும். விறைப்பான, கனமான அடிப்பகுதி உள்ள ஷூ இதை இன்னும் மோசமாக்கும்.

காலடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டுவதே மருந்து. முன்னே எட்டாமல், பின்னால் இருக்கும் காலின் பெருவிரல் தரையைத் தள்ளிவிட்டு எழும்படி நடந்தால் வேகம் தானாக வரும். முதல் ஐந்து நிமிடம் சும்மா உலாவுங்கள். வீட்டில் குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மட்டும் தூக்கி இறக்குவதை 15 தடவை, இரண்டு சுற்றாகச் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் தசை பழகிவிடும். பார்வை பத்துப் பதினைந்து அடி தூரத்தில் தரையில் விழட்டும். காலடியையே பார்த்து நடந்தால் கழுத்து வலிக்கும். முழங்கை மடங்கி, கை தோளிலிருந்து வீச வேண்டும், மார்புக்குக் குறுக்கே போகக்கூடாது. கையில் டம்பெல், கணுக்காலில் எடைப்பட்டை எல்லாம் மூட்டுக்குச் சுமை கூட்டுவதோடு, முதலில் சொன்ன அந்த ஊசல் தாளத்தையும் குலைத்துவிடும். எடை வேண்டுமென்றால் முதுகில் இரண்டு பட்டையுள்ள பையில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தால் சிலருக்கு விரல்கள் தடிக்கும், மோதிரம் இறுகும். கை தொங்கியே இருப்பதாலும் சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிவதாலும் வருவது, பெரும்பாலும் பயமில்லை. அவ்வப்போது முஷ்டியை மூடித் திறந்தால் இறங்கிவிடும்.

காலணி விஷயத்தில் கஞ்சத்தனமும் கூடாது, விளம்பர மயக்கமும் கூடாது. சாயங்காலம் வாங்கப் போங்கள், பகல் முழுக்க நின்றும் நடந்தும் பாதம் சற்றே வீங்கியிருக்கும் நேரம் அது. நடக்கும்போது போடும் அதே சாக்ஸோடு போய், நின்றபடி அளந்து பாருங்கள். மிக நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இரண்டு பாதமும் சமமாக இருப்பது அபூர்வம், பெரிய காலுக்குத்தான் அளவு. பிறகு ஷூவைக் கையில் எடுத்து வளையுங்கள்: விரல்கள் தொடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம், எங்குமே வளையவில்லை என்றாலும் வேண்டாம். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி அமுக்கினால் உள்ளே நசுங்கக்கூடாது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள், நடை ஷூ முதல் நாளே சௌகரியமாக இருக்க வேண்டும்.

500 முதல் 800 கிலோமீட்டருக்குள் உள்ளே இருக்கும் மெத்தை செத்துவிடும். தினம் மூன்று கிலோமீட்டர் என்றால் ஐந்தரை முதல் ஒன்பது மாதம். மேலே பளபளப்பு அப்படியே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. புதிதாக முழங்காலோ குதிகாலோ வலிக்கத் தொடங்கினால் முதலில் ஷூவின் வயதைக் கணக்குப் போடுங்கள். மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் அதன் காலம் முடிந்தது.

கொப்புளம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நடையை நிறுத்தவைப்பதில் அதற்கு முதலிடம். தோல் மேலே தேய்வதால் வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் வியர்வையில் ஊறிய தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் இருக்கும் தோலடுக்குகள் இழுபட்டுப் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. அதனால் ஈரத்தைக் குறைப்பதும் பாதம் உள்ளே நகராமல் நிறுத்துவதும்தான் வைத்தியம். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், செயற்கை இழையோ மெல்லிய கம்பளியோ நல்லது. குதிகால் தூக்கி அடித்தால் ஷூவின் மேல் நுனியில் சும்மா கிடக்கும் அந்தக் கடைசித் துளைக்கு வேலை கொடுங்கள்: லேஸை அதே பக்கத்துத் துளைகள் இரண்டிலும் நுழைத்துச் சிறு வளையமாக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டால் குதிகால் அசையாது. ஓர் இடம் சூடாக உறுத்த ஆரம்பித்ததும் நின்று, மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் டேப்பை ஒட்டிவிட வேண்டும். "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று நடக்கும் அடுத்த பத்து நிமிடத்தில்தான் கொப்புளம் எழும்பும். எழும்பிவிட்டால், சிறியதை உடைக்காதீர்கள். பெரிதாகி நடக்கவிடாமல் வலித்தால், கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் கட்டுப் போடலாம். சர்க்கரை நோயாளிகள் இதைத் தாங்களே செய்யக்கூடாது. நடை முடிந்ததும் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்துவிடுவது அவர்களுக்குத் தினசரி வேலை. தொடை உரசிப் புண்ணாகுபவர்களுக்குக் கிளம்புமுன் கொஞ்சம் வாசலின் போதும்.

எப்போது, எவ்வளவு தூரம்

காலையா மாலையா என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள். தவறாமல் வாய்க்கிற நேரம்தான் நல்ல நேரம். ஒரு விதிவிலக்கு மட்டும் கவனிக்கத்தக்கது: சாப்பாட்டுக்குப் பின். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ளவர்கள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்தார்கள். நாளில் ஏதோ ஒரு நேரம் அரை மணி நடந்ததோடு ஒப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், அதனால் இந்தப் பலன். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை வெகுவாக இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசிக்கொண்டு, கையில் ஏதாவது இனிப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

பாதையில் இரண்டு வகை: வட்டம், போய்த் திரும்புவது. மனம் ஊசலாடும் நாட்களுக்குப் போய்த் திரும்பும் பாதை நல்லது, 15 நிமிடம் போய்விட்டால் திரும்பி வர 15 நிமிடம் நடந்தே ஆக வேண்டும். சின்ன வட்டத்தில் வீடு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றும் "போதுமே" என்று கூப்பிடும். ஆனால் உடம்பு தேறிவருபவர்களுக்கு அந்த வட்டமே பாதுகாப்பு. சுற்றுகளை எண்ணித் தொலைத்துக்கொள்பவர்கள் டார்வினைப் பின்பற்றலாம். தன் வீட்டருகே போட்டுவைத்திருந்த நடைபாதையின் தொடக்கத்தில் சிறு கற்களைக் குவித்துவைத்து, சுற்றுக்கு ஒன்றாகத் தட்டிவிடுவார். எண்ணும் வேலை கல்லுக்கு, யோசிக்கும் வேலை தனக்கு.

நீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தில் சரிந்திருக்கும். தினமும் ஒரே ஓரத்தில் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். முழங்காலோ இடுப்போ ஒரு பக்கம் மட்டும் வலித்தால் இதையும் சந்தேகியுங்கள். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பதுதான் பத்திரம், ஆகவே சரிவுக்காகப் பக்கம் மாறாமல் தெருவை மாற்றுங்கள்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து வெளியிட்ட ஆய்வில் நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அதனால் ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டிப்பாக நடந்து ஈடுகட்ட முயலாதீர்கள், வலிதான் மிஞ்சும். "ஆறு மணிக்கு" என்று வைப்பதைவிட "பல் தேய்த்ததும்", "வேலை முடிந்து பையை வைத்ததும்" என்று ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள். முதல் இரண்டு வாரம் பத்தே நிமிடம். இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாமே என்ற ஆசையோடு வீடு திரும்புவது நல்ல அறிகுறி. அதன்பின் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் எலும்பும் தசைநாரும் மூச்சோடு சேர்ந்து வளரும். மூச்சு சீக்கிரம் தேறிவிடும், தசைநார் தாமதமாகத்தான் வரும். "நன்றாகத்தானே நடக்கிறேன்" என்று நாலாவது வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கியவர்களுக்குத்தான் குதிகால் வலி வருகிறது.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் சுருக்கென்று குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால், உள்ளங்காலின் தசைநார்ப் பட்டை பாதிக்கப்பட்டிருக்கலாம். தூரத்தைப் பாதியாக்குங்கள், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு கெட்டித் தரையில் நடக்காதீர்கள். சுவரில் கைவைத்து, பின்காலை நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைக்காலை 30 விநாடி இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்று முறை, காலையும் மாலையும். இது குணமாக மாதங்கள் ஆகும், அவசரப்பட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

சில வலிகளோடு மல்லுக்கட்டக் கூடாது. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் உடனே நின்று உதவி கேளுங்கள். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறதென்றால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கக்கூடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலாலோ பயணத்தாலோ இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதித் தூரத்தில் தொடங்குங்கள். பழைய அளவுக்கு இரண்டு வாரத்தில் வந்துவிடலாம். காய்ச்சல் விட்ட மறுநாளே வேக நடை வேண்டாம், முதல் சில நாள் பாட முடிகிற வேகமே போதும்.